ரெஸ்டோர் செய்தோமா, ரெனவேட் செய்தோமா? வீட்டு அறிமுகத்துக்குச் சரியான ஆங்கிலச் சொற்கள் எவை?

கேள்வி: கானாடுகாத்தான் பேரன்

வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீட்டின் ஒரு பகுதியை வெளியூர் விருந்தினர் தங்குவதற்காகத் திறக்கவிருக்கிறோம். வீட்டு வேலை 1931-இல் முடிந்ததாக முகப்பு நிலைக்கு மேல் சுதையில் எழுதியிருக்கிறது. இணையத்தில் போடுவதற்கான ஆங்கில அறிமுகத்தில் வீட்டை 'ஹிஸ்டாரிக்கல் பேலஸ்' என்றும், நாங்கள் பார்த்த வேலைகளை 'ரெஸ்டோரேஷன்' என்றும், விற்பனைக்கு வைக்கவிருக்கும் சாமான்களை 'ஆன்ட்டிக்' என்றும் குறித்திருந்தேன். படித்துப் பார்த்த என் மைத்துனர் ஒரு சொல்கூடப் பொருந்தவில்லை என்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கும் விளக்கத் தெரியவில்லை.

பார்த்த வேலைகள் இவை: முகப்புச் சுவரில் பெயர்ந்த இடங்களில் பழைய முறைப்படி சுண்ணாம்பு அரைத்துப் பூசினோம். 1970-களில் வளவின் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும் அறைகளும்) ஒரு பக்கத்தை அடைத்து எழுப்பியிருந்த சுவரை எடுத்தோம். பத்தியில் உடைந்துபோன ஆத்தங்குடிக் கற்களுக்குப் (கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்க்கும் தரைக் கற்கள்) பதிலாக அதே பூவேலையில் புதிதாக வார்த்தவற்றைப் பதித்தோம். இரண்டாம் கட்டில் இரண்டு அறைகளுக்குக் குளியலறை சேர்த்தோம். விற்பனைக்கு இருப்பவை, அப்பத்தாவுக்கு 1954-இல் திருமணச் சாமானாக வந்த எனாமல் தூக்குகள், அடுக்குகள், மற்றும் 1930-களின் ரங்கூன் வட்டிக்கடைப் பேரேடுகள் சில.

பதில் 1: செம்பராங்கல்

முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'ஹிஸ்டாரிக்' என்றால் வரலாற்றில் இடம்பெறும் அளவுக்கு முக்கியமானது. 'ஹிஸ்டாரிக்கல்' என்றால் கடந்த காலத்தைப் பற்றியது, அல்லது அதைச் சேர்ந்தது, அவ்வளவே. ஆகவே உங்கள் பேரேடுகள் 'ஹிஸ்டாரிக்கல் டாக்குமென்ட்ஸ்' ஆகும். வட்டிக்கடையின் வரவு செலவை அறிய அவை உதவும், ஆனால் அவற்றால் வரலாறு திசை மாறிவிடவில்லை. பர்மா 1937-இல் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டதை 'ஹிஸ்டாரிக்' நிகழ்ச்சி என்று எழுதலாம். பழைய கட்டடங்களைப் பொறுத்தவரை 'ஹிஸ்டாரிக் ஹவுஸ்' என்பதே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட வழக்கு; அங்கே 'ஹிஸ்டாரிக்கல்' போட்டால் பொருள் கெடாது, ஆனால் காதில் இடறும்.

பதில் 2: நிலைக்கதவு

கட்டட வேலைச் சொற்களில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'திருப்பணி' என்ற நம் சொல் ஒழுகும் தளத்தை அடைப்பதிலிருந்து புதிய ராஜகோபுரம் எழுப்புவது வரை எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். ஆங்கிலமோ அதே வேலையை நாலாகப் பிரித்துக் கணக்குக் கேட்கும்.

'ரெஸ்டோர்' என்று எழுதியவுடன் 'எந்த நிலைக்கு?' என்ற கேள்வி தானாக எழுந்துவிடும், ஏனென்றால் அந்த வினைச்சொல் முன்பு இருந்த ஒரு நிலைக்குத் திரும்புவதைக் குறிக்கிறது. வளவை அடைத்த சுவரை எடுத்தீர்களே, அது கலப்பில்லாத ரெஸ்டோரேஷன்: இடையில் வந்தது போயிற்று, 1931-இன் அமைப்பு வெளியே வந்தது. 'ரெனவேட்' என்பதற்கு அப்படித் திரும்பிச் செல்ல வேண்டிய ஆண்டு எதுவும் கிடையாது. பழையதைப் புதுப்பித்து, இன்றைய வசதிக்கு ஏற்ப ஆக்கினால் போதும். ஐயா காலத்தில் இல்லாத குளியலறையை நீங்கள் எந்த விதத்திலும் 'ரெஸ்டோர்' செய்திருக்க முடியாது.

சுண்ணாம்புப் பூச்சு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பெயர்ந்ததை அதே பொருளால் சரிசெய்தது 'ரிப்பேர்'தான்; அந்தச் சொல் மட்டமானது என்று எண்ணி ஒதுக்க வேண்டியதில்லை. இருப்பதைக் கெடாமல் காக்கும் முயற்சிகள் அனைத்துக்கும் பொதுப்பெயர் 'கன்சர்வேஷன்'.

ஆத்தங்குடிக் கல்லில்தான் சிக்கல். பேச்சு வழக்கில் அதையும் 'ரெஸ்டோர்' என்று சொல்லிவிடுவார்கள். துறை சார்ந்தவர்கள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ஆஸ்திரேலியாவில் 1979-இல் வகுக்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட, பழைய இடங்களைக் காப்பதற்கான வழிகாட்டு நெறியான பர்ரா சாசனம், புதுப் பொருள் சேராமல் முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதை 'ரெஸ்டோரேஷன்' என்றும், புதுப் பொருள் சேர்ந்தால் 'ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்றும் பிரிக்கிறது. அதற்கு முன்பே 1964-இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் ரெஸ்டோரேஷன் நின்றுவிட வேண்டும் என்று கூறியது. உடைந்த கற்களின் பூவேலை உங்கள் கண்முன் இருந்ததால் இங்கே ஊகத்துக்கு இடமில்லை. ஆனாலும் கண்ணாடித் தகட்டின் மேல் புதிதாக வார்த்த கல், புதுக் கல்தான்.

கானாடுகாத்தான் பேரன்:

மிக்க நன்றி. எனக்கு ஓர் ஐயம். 'ரெனவேட்டட்' என்று எழுதினால், விருந்தினர் உள்ளே கிரானைட்டும் பொய்க்கூரையும் போட்டுவிட்டதாக நினைத்து ஒதுங்கிவிட மாட்டார்களா?

நிலைக்கதவு:

நினைப்பார்கள். அதனால் அந்தச் சொல்லை வீடு முழுவதற்கும் சூட்டாமல் குளியலறைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வளவு 1931-இன் அமைப்புக்கு ரெஸ்டோர் செய்யப்பட்டது என்று தனி வாக்கியமாக எழுதுங்கள். கற்களைப் பற்றிப் பெயர்ச்சொல்லே வேண்டாம். எத்தனை புதியவை, எந்த ஊரில் வார்த்தவை என்று நேரடியாகச் சொல்லிவிடலாம்.

பதில் 3: பழம்பொருள் வணிகன், காரைக்குடி

'ஆன்ட்டிக்' என்ற சொல்லை மாற்றச் சொல்லும் உங்கள் மைத்துனர் நல்லது செய்திருக்கிறார். வணிகத்தில் பொதுவாக நூறாண்டு கடந்ததே 'ஆன்ட்டிக்'. அமெரிக்கச் சுங்கத்துறையின் கணக்கும் அதுதான். 'வின்டேஜ்' என்பது அதற்கு இளையது, ஆனால் தன் காலத்தின் முகத்தைத் தெளிவாகக் காட்டுவது. எட்ஸி போன்ற விற்பனைத் தளம் இருபது ஆண்டையாவது கேட்கிறது. 1954-இன் எனாமல் தூக்கு நல்ல 'வின்டேஜ்' சரக்கு. அதை 'ஆன்ட்டிக்' என்று சொல்லி விற்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 'ஆன்ட்டிக்விட்டி' என்ற சொல்லை வரையறுக்கிறது. சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவற்றுக்கு நூறாண்டு. அறிவியல், வரலாற்று, இலக்கிய அல்லது கலை மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டே போதும். அந்த வரையறைக்குள் வருபவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் வணிகம் செய்யவும் உரிமம் வேண்டும். எனவே நீங்கள் சாதாரணமாக எண்ணும் பேரேடுகள், தூக்குகளை முந்திக்கொண்டு அந்த வரம்புக்குள் போய்விடக்கூடும். அவற்றை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தூக்குகளை வெளிநாட்டார் கேட்டாலும், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை அதே துறை வழங்குகிறது. பெட்டியோடு அது போனால் விமான நிலையத்தில் வீண் பேச்சு இராது.

பதில் 4: இரணியூர்க்காரி

'பேலஸ்' பற்றி யாரும் சொல்லவில்லை. அது அரசர் அல்லது ஆயர் போன்ற பதவியுடையோர் உறைவிடம். உங்கள் ஊரிலேயே அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடக்கூடிய வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குரிய அண்ணாமலைச் செட்டியாருக்குப் பரம்பரை ராஜா பட்டம் 1929-இல் கிடைத்தது. மற்றவர்கள் தங்கள் வீட்டை அப்படி அழைப்பது விருந்தினரைக் குழப்பும். 'மேன்ஷன்' என்பது பெரிய, செல்வச் செழிப்பான தனி வீடு. ஆங்கில வாசகருக்கு அதுவே போதும். திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கிப் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மூட்டைப்பூச்சி நினைவு வரும் என்பதை நான் மறுக்கவில்லை.

வளவை 'கோர்ட்யார்ட்' என்று மொழிபெயர்க்காமல் 'வளவு' என்றே ஆங்கில எழுத்தில் விட்டுவிடுங்கள். 'கோர்ட்யார்ட்' என்பது வானம் தெரியும் நடு முற்றத்தை மட்டுமே குறிக்கும். சுற்றுப் பத்தியும், மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒதுக்கிய அறைகளும் அதற்குள் வாரா. உங்கள் விருந்தினர் உறங்கப்போவது அந்த அறைகளில்தானே?