எங்கள் தெருவில் மட்டும் ஏன் இத்தனை புற்றுநோய்?

கடைமடைக்காரன்:
திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். மொத்தமே 2000 பேர்தான். போன வாரம் சித்தப்பாவுக்கு வாய்ப்புற்று என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருடத்தில் எங்கள் தெருவில் இவர் ஐந்தாவது ஆள். பெரியம்மாவுக்கு மார்பில், எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு இரைப்பையில். டீக்கடையில் கேட்டால் வயலுக்கு அடிக்கிற மருந்து என்கிறார்கள், போர் தண்ணீர் என்கிறார்கள். சித்தி பயந்துபோய் அவருக்குத் தனித்தட்டு வைத்தார். அதைப் பார்த்ததும் மனிதர் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். இது ஒட்டுமா? என்னதான் நோய் இது?

வெண்ணாற்றங்கரை:
தஞ்சாவூரில் 22 வருடம் வார்டு நர்ஸாக இருந்தவள் நான். முதலில் அந்தத் தட்டை எடுத்து உள்ளே வையுங்கள் தம்பி. ஒட்டாது.

செல் தேவைக்குப் பெருகும், போதும் என்றால் நிற்கும். அதற்கான மரபணுக்களில் பழுது சேர்ந்துகொண்டே போனால், ஏதோ ஒரு செல் நிற்காமல் பெருகத் தொடங்கும். நடவு வயலில் ஒரு குத்து மட்டும் கதிர் விடாமல் தூர் கட்டிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? உரம், தண்ணீர் எல்லாம் அதற்கே. வெளியிலிருந்து வந்த களையும் இல்லை, நாமே நட்ட நாற்று. அப்புறம் ரத்தத்தில், நிணநீரில் கலந்து வேறு இடத்திலும் போய் முளைக்கும்.

2022இல் இந்தியாவில் புதிதாக 14.6 லட்சம் பேருக்கு வந்திருக்கும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) மதிப்பீடு. லட்சத்துக்கு 100 பேர். உங்கள் ஊருக்கு வருடம் இரண்டு, பத்து வருடத்தில் இருபது. தெருவை மட்டும் எண்ணாதீர்கள், ஊரையே எண்ணுங்கள். வாய், மார்பு, இரைப்பை மூன்றும் வேறு வேறு நோய், பெயர்தான் ஒன்று. ஐந்து பேருக்கும் ஒரே புற்று என்றால் நானும் சந்தேகப்படுவேன். சித்தப்பா புகையிலை போடுவாரா?

மூன்று மா:
அக்கா சொல்வது சரி. ஆனால் வெறும் உடம்போடு மருந்து அடிக்கிறோமே, அது மட்டும் நல்லதா?

வெண்ணாற்றங்கரை:
நல்லதென்று யார் சொன்னது? முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்கு மாஸ்க் எல்லாம் வேண்டும். பழி முழுவதையும் மருந்தின் மேல் போட்டுவிட்டு, மடியில் இருக்கிற புகையிலையை விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

கடைமடைக்காரன்:
போடுவார் அக்கா, முப்பது வருடமாக. இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குவார். புண்ணும் இடது பக்கம்தான். சுண்ணாம்பு பட்டு வெந்தது என்று நாலு மாதம் நல்லெண்ணெய் கொப்பளித்தார்.

ஊர் முழுக்க எண்ணினேன். தெரிந்தவரை பதினான்கு பேர். மேலத்தெருவில் ஒரே ஒருவர். தனித்தட்டு பரணுக்குப் போய்விட்டது. இன்று காலை எல்லோரும் ஒரே சட்டியிலிருந்துதான் பழையது போட்டுக்கொண்டோம். சித்தப்பாவுக்கு மட்டும் மிளகாய் இல்லை, வாய் எரிகிறதாம்.