கேரட் (^) குறியை எடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

வைகைக்கரை:
ஆறு பேர் வேலை செய்யும் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) ப்ராஜெக்ட். நமக்கு வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில் இருக்கும் கேரட் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பதிப்பு எண்களை ஆணியடித்துவிடலாம் என்று இருக்கிறேன். ^1.4.0 என்று எழுதினால் 2.0.0-க்குக் கீழே எது புதிதாக வந்தாலும் எடுத்துக்கொள் என்று அர்த்தம். அந்த அனுமதியை ஏன் கொடுக்க வேண்டும்? போன மாதம் ஒரு சின்ன தேதி லைப்ரரி, கடைசி எண் மட்டும் மாறிய பதிப்பில், நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிவிட்டது. ஜூலை 3 என்று போக வேண்டிய பில்கள் மார்ச் 7 என்று வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டன.

தேன்சிட்டு:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கேரட்டை எடுப்பதால் இது நிற்காது. நீங்கள் நேரடியாகக் கேட்ட முப்பது நாற்பது பேக்கேஜ் (லைப்ரரி)தான் அசையாமல் இருக்கும். அவை கூடவே இழுத்து வரும் நூற்றுக்கணக்கானவற்றைப் பிடித்து வைப்பது, ஒவ்வொன்றின் சரியான பதிப்பையும் எழுதிவைக்கும் லாக் ஃபைலான பேக்கேஜ்-லாக்.ஜேசன் ஒன்றுதான். அது உங்கள் நிரலோடு சேர்த்து கிட்டில் (Git) சேமிக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் அந்தப் பதிப்பு எப்படி உள்ளே வந்தது?

வைகைக்கரை:
இருக்கிறது. இப்போதுதான் தேடிப் பார்த்தேன். தனித்தனியாக வேலை செய்த நிரலின் இரண்டு கிளைகளைச் சேர்க்கும்போது லாக் ஃபைலில் மோதல் வந்திருக்கிறது. ஆயிரம் வரிக்கு மேல், பாதி ஹாஷ் என்ற புரியாத சரிபார்ப்பு எழுத்துகள். புதிதாகச் சேர்ந்த தம்பி ஃபைலையே அழித்துவிட்டு, பேக்கேஜ்களைப் போடும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையை ஓட்டியிருக்கிறார்.

தேன்சிட்டு:
கோளாறு அங்கேதான். லாக் ஃபைலை அழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டால், கேரட் விடும் எல்லை வரை அத்தனையும் தாவிவிடும். தம்பியைத் திட்டாதீர்கள், யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பேக்கேஜ்.ஜேசனில் மோதல் இருந்தால் அதை மட்டும் கையால் சரிசெய்யுங்கள். லாக் ஃபைலை அப்படியே விட்டுவிட்டு என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டினால் அதுவே சேர்த்துக் கொடுத்துவிடும். அப்புறம், பில்ட் சர்வரில் அதற்குப் பதிலாக என்பிஎம் சிஐ கட்டளையை ஓட்டுங்கள். லாக்கில் உள்ளதை மட்டும் போடும். இரண்டு ஃபைலும் ஒத்துப்போகாவிட்டால் பில்டையே நிறுத்திவிடும்.

பனைமரம்:
லாக் ஃபைல் வேண்டும், சரி. கேரட்டும் போக வேண்டும் என்பது என் கட்சி. 2025 செப்டம்பரில் என்பிஎம்மில் உள்ள சாக், டீபக் உட்பட 18 பேக்கேஜ்களில் கிரிப்டோ பணம் திருடும் நிரலை நுழைத்தார்களே! பராமரிப்பவரைப் போலி மின்னஞ்சலில் ஏமாற்றி அவர் கணக்கைப் பிடித்தார்கள். சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள் என்றாலும், அதற்குள் புதிய பதிப்பை இழுத்தவர்கள் வீட்டுக்குள் அது வந்துவிட்டது. ஓடுகிற வண்டியைத் தொடாதீர்கள்.

தேன்சிட்டு:
தொடாமலே விட்டவர்கள் 2021 டிசம்பரில் ஜாவாவின் லாக்4ஜே என்ற லைப்ரரியில் பட்ட பாட்டையும் சொல்லுங்கள் அண்ணா. பாதுகாப்பு ஓட்டை 2.14.1 பதிப்பு வரை இருந்தது. 2.15.0-இல் திருத்தம் வந்து, அதுவும் போதாமல் அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன. மாதாமாதம் அப்டேட் செய்து பழகிய குழுவுக்கு அது எண் மாற்றும் வேலை. மூன்று வருடம் தொடாதவர் எண்ணை மாற்றினால் வேறு நாலு இடத்தில் உடையும், அதுவும் ஊரே பதறிக்கொண்டிருக்கும் நேரத்தில்.

மின்னல்:
என்பிஎம்முக்கு மாற்றாகப் பயன்படுத்தும் பிஎன்பிஎம் 10.16-இல் மினிமம்ரிலீஸ்ஏஜ் என்று ஒரு அமைப்பு வந்தது. நிமிடக் கணக்கு. 10080 என்று கொடுத்தால், வெளியாகி ஏழு நாள் ஆகாத பதிப்பை எடுக்காது. செப்டம்பர் தாக்குதல் இதில் சிக்கியிருக்கும்.

பனைமரம்:
அவசரத் திருத்தமும் ஏழு நாள் தள்ளிப்போகுமே?

மின்னல்:
விலக்குப் பட்டியல் உண்டு. அந்தப் பேக்கேஜின் பெயரை மட்டும் அதில் எழுதினால் உடனே எடுக்கும்.

பனைமரம்:
நல்ல வசதிதான். ஆனாலும் என் கவலை வேறு. கேரட் இல்லாவிட்டால் எண் மாறுவது பேக்கேஜ்.ஜேசனில் ஒற்றை வரியாகத் தெரியும், ரிவ்யூ செய்பவர் கண்ணில் படும். லாக் ஃபைலில் அறுநூறு வரி மாறினால் யார் படிக்கிறார்கள்? நானே கீழே தள்ளிவிட்டு அப்ரூவ் கொடுத்திருக்கிறேன்.

வைகைக்கரை:
அண்ணா சொன்னதும் உண்மை, நானும் படித்ததில்லை. பில்ட் சர்வரை என்பிஎம் சிஐக்கு மாற்றிவிட்டேன். தேதி லைப்ரரிக்கும், பில் தொகையைத் தொடும் இன்னும் மூன்றுக்கும் கேரட் போய்விட்டது. மற்றவை அப்படியே இருக்கட்டும். நாளைக் காலை வேண்டுமென்றே ஒரு மோதலை உண்டாக்கி, தம்பியை உட்கார வைத்துச் சரிசெய்யச் சொல்லப் போகிறேன்.