கட்டிலோடு ஒட்டி வைக்கும் பிள்ளைக் கட்டில்: எங்கள் தேக்கங்கட்டிலுக்குச் சரிவருமா?

கோண்டாவில்_தாய்

வணக்கம். எனக்கு இது முதல் பிள்ளை. வாற மாதக் கடைசியில் திகதி தந்திருக்கிறார்கள், பிள்ளை குறுக்கே கிடப்பதால் அநேகமாக சிசேரியன்தான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். லண்டனில் இருக்கும் மச்சாள் தன்னுடைய பிள்ளைக்குப் பாவித்த சின்னக் கட்டிலைக் கடல் பார்சலில் அனுப்பியிருக்கிறார். ஒரு பக்கத்தை இறக்கிவிட்டுப் பெரிய கட்டிலோடு சேர்த்துக் கட்டுகிற வகை. வயிற்றில் தையலோடு எழும்பிக் குனியாமல், படுத்த இடத்திலிருந்தே பிள்ளையை எடுத்துப் பால் கொடுக்கலாம் என்பதால் எனக்கும் நல்ல விருப்பம்.

ஆனால் பூட்டிப் பார்த்தால் சரியாக ஒட்டவில்லை. எங்களுடையது கலியாணத்துக்குச் செய்வித்த தேக்கங்கட்டில், பக்கப் பலகை மெத்தையை விட்டு வெளியே தள்ளி நிற்கிறது, அதனால் இரண்டு மெத்தைக்கும் நடுவில் என் கை முழுதாக இறங்குகிற அளவுக்கு இடைவெளி. அம்மா பழைய சீலையை மடித்து அடைத்துவிட்டால் சரி என்கிறார். மாமி இது ஒன்றும் வேண்டாம், ஏணை (சீலைத் தொட்டில்) கட்டினால் பிள்ளை நல்லாய் நித்திரை கொள்ளும் என்கிறார். கட்டுகிற பட்டி இரண்டில் ஒன்றைக் காணவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நுளம்பு வலையை இதற்கு எப்படிப் போடுவது என்றும் விளங்கவில்லை. இதைப் பாவித்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்கிற வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கோ.

வடமராட்சித்_தாதி

தங்கச்சி, அந்த இடைவெளியைச் சீலையால் அடைக்கவே வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு. மடித்த சீலை இரவு முழுக்க அப்படியே இருக்காது, நீங்கள் புரளப் புரள அமுங்கும், ஒரு பக்கம் இறங்கும், அந்தப் பள்ளத்துக்குள் பிள்ளையின் முகம் போனால் பிறந்த பிள்ளையால் தலையைத் தூக்கித் திருப்ப ஏலாது, சத்தம்கூட வராது. தலையணை, சுருட்டிய துவாய், ஸ்பொஞ்சுத் துண்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்த வகைக் கட்டில் பெரிய மெத்தையோடு இடைவெளி இல்லாமல் இறுக்கி ஒட்டியிருக்க வேண்டும், தந்த பட்டிகளால் உங்கள் கட்டிலின் சட்டத்தோடு இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பக்கத்தை இறக்கக் கூடாது. அப்போ என்ன செய்வது என்றால், பக்கத்தை ஏற்றிப் பூட்டி, உங்கள் தலைமாட்டுக்கு அருகே தனிக் கட்டிலாக வையுங்கோ. பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும், இரவில் கணவர் எழும்பித் தூக்கித் தரட்டும், முதல் கிழமைகளில் தையலோடு நீங்கள் தூக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மச்சாளிடம் எந்த ஆண்டு வாங்கியது என்றும் கேளுங்கோ. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரவிதிப்படி, இறக்கின பக்கத்திலும் பிள்ளையின் மெத்தைக்கு மேலே 12 சென்ரிமீற்றர் தடுப்பு நிற்க வேண்டும், பிள்ளை உருண்டு பெரிய மெத்தைப் பக்கம் வராமல் இருக்கத்தான் அது. அதற்கு முந்தியவற்றில் சிலதில் பக்கம் முழுதாக இறங்கிவிடும். அப்படியென்றால் பட்டி கிடைத்தாலும் இறக்காமலே பாவியுங்கோ.

ஏணை பற்றி. மாமி அன்பில்தான் சொல்கிறார், எங்கள் வீடுகளில் எல்லாரும் ஏணையில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் பிறந்து கொஞ்ச நாளேயான பிள்ளையைச் சீலைக்குள் போட்டால் முதுகு வளைந்து, நாடி நெஞ்சில் முட்டும், கழுத்தில் பலமில்லாததால் அந்தச் சின்ன மூச்சுக்குழாய் மடிந்துபோகும். சீலை முகத்தில் சுற்றிக்கொள்கிற பயமும் உண்டு. எல்லாரும் நித்திரையாய் இருக்கும் இரவில் அது வேண்டவே வேண்டாம். கார் இருக்கை, சாய்வான தொட்டில் எல்லாவற்றிலும் நித்திரை கொள்ள விடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். மட்டமான, உறுதியான மெத்தை, அதில் மல்லாக்கப் படுத்திய பிள்ளை, வேறொன்றும் இல்லை.

மல்லாக்கப் படுத்தினால் பால் கக்கிப் புரையேறும் என்று பயப்படாத ஆட்களை நான் இன்னும் காணவில்லை. உண்மை நேர் எதிர். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே, கக்கின பால் மேலே ஏறிப் போக வேண்டும். குப்புறப் போட்டால்தான் அது மூச்சுக்குழாய்ப் பக்கம் வழியும். 1991இல் பிரித்தானியாவிலும் 1994இல் அமெரிக்காவிலும் மல்லாக்கப் படுத்துங்கள் என்று பெற்றோருக்கு ஊர் முழுக்கச் சொல்லத் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் நித்திரையில் நடக்கும் சிசு மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன.

சுன்னாகம்_மரவேலை

தாதி அக்கா சொன்னதற்கு மேலே மருத்துவம் எனக்குத் தெரியாது, கட்டில் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் இந்தக் கேள்வியோடு இப்போது அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த கட்டில்கள்.

முதலில் உங்கள் தேக்கங்கட்டிலில் பக்கப் பலகையின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கோ. அது மெத்தை கிடக்கிற பலகையின் மட்டத்திலேயே இருந்தால், மெத்தையை விளிம்பு வரைக்கும் இந்தப் பக்கம் இழுத்துவிட்டு, மற்றப் பக்கம் உண்டாகிற இடத்தில் நீளமாக ஒரு மரச்சட்டத்தை ஆணி போட்டு இறுக்கினால் மெத்தை பின்னுக்கு நகராது. அந்தப் பக்கம் பெரியவர்தான் படுப்பார், பயமில்லை. பலகை மட்டத்துக்கு மேலே எழும்பி நின்று மெத்தை அதற்குள் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கோ, அந்தக் கட்டில் இதற்கு ஆகாது. தேக்கை வெட்டுங்கோ என்று சொல்ல எனக்கு மனம் வராது, பிள்ளைக் கட்டிலை வெட்டவோ துளை போடவோ கூடவே கூடாது.

உயரம் சரிவரவில்லை என்று கால்களுக்குக் கீழே செங்கல், பலகைத் துண்டு வைக்க வேண்டாம். தொலைந்த பட்டிக்குப் பதிலாகக் கயிறும் கட்ட வேண்டாம், அது தளரும், தொங்குகிற நுனி பிள்ளையின் கழுத்துக்கு ஆபத்து. செய்த கம்பனிக்கு எழுதினால் தனியாகப் பட்டி விற்பார்கள், மச்சாளையே வாங்கி அனுப்பச் சொல்லுங்கோ.

இதெல்லாம் சரிவராமல் இங்கேயே ஒன்று செய்விப்பதென்றால்: கம்பிச் சட்டங்களுக்கு நடுவில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்று ஓடாவியாரிடம் சொல்லுங்கோ, அதற்கு மேல் போனால் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டும். மூலைக் கால்களில் அழகுக்குக் குமிழ் வைக்கிறவர்கள் உண்டு, சட்டை கொழுவும், வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போனால் மெத்தை சின்னது. தும்பு மெத்தை நல்லாய் இறுக்கமாக இருக்கும், இலவம்பஞ்சு பள்ளம் விழும், இதற்கு எடுக்காதையுங்கோ. ஈயம் சேராத பெயின்ற் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கி, மணம் முழுக்கப் போன பிறகு அறைக்குள் எடுங்கோ.

நல்லூர்_அம்மா

பிள்ளை, எனக்கு மூன்று பேரும் இங்கேதான் பிறந்தவர்கள், கடைசி ஆளுக்கு இந்த வகைக் கட்டில்தான். உதவி பெரிது, சிசேரியன் காரருக்கு இன்னும் பெரிது. அதனால் மனம் தளராமல் வடிவாகச் சரிபார்த்துப் பாவியுங்கோ.

எங்கள் ஊர் வெக்கைக்கு வெளிநாட்டுக்காரர் சொல்கிற 16 முதல் 20 பாகை அறையெல்லாம் நடக்காது. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, பம்பர்ஸ், போதும். தொப்பி, கையுறை, காலுறை போட்டு, மேலே கம்பளித் துணியும் போர்த்தி வைக்கச் சொல்லிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்குள் தொப்பி வேண்டாம், பிள்ளைகள் தலையால்தான் சூட்டை வெளியே விடுகிறார்கள். கை கால் குளிர்ந்திருந்தால் பதற வேண்டாம், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கோ, வியர்த்து ஈரமாய் இருந்தால் கூடச் சூடு. ஃபானைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் முகத்தில் நேரே அடிக்காது. கரண்ட் போனால் யன்னலைத் திறந்து சட்டையைக் கழற்றிவிடுங்கோ.

நுளம்பு வலையில் அலட்சியம் வேண்டாம், ஐப்பசி மழை தொடங்கினால் டெங்கு இங்கே கூடும், அந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும். பக்கத்தை ஏற்றி வைத்தால் கட்டிலின் மேல் விளிம்பில் இறுக்கிப் போடுகிற வலை நல்லது, பக்கம் இறக்கினால் பெரிய கட்டிலையும் சேர்த்து மூடுகிற பெட்டி வலை. எதுவென்றாலும் தொய்ந்து பிள்ளையின் மேலே விழாமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் 31ஆம் நாள் கழிந்து கழுத்தில் பஞ்சாயுதச் சங்கிலி போடுவார்கள், வசம்பு வளையல், கறுப்பு நூல், கடுகுத் தலையணை எல்லாம் வரும். வேண்டாம் என்று சொல்லி ஆட்களின் மனத்தை நோகடிக்கத் தேவையில்லை. ஆட்கள் வரும்போது போட்டு, படம் எடுத்து, படுக்க வைக்கும்போது கழுத்தில் கிடப்பதைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கோ. கடுகுத் தலையணை தலையின் வடிவத்துக்கென்று தருவார்கள், பிள்ளை விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் நெஞ்சில் குப்புறப் போட்டு வைத்தாலே தலை தட்டையாகாது.

பால் கொடுத்துக்கொண்டே கண் அயர்வது எல்லாருக்கும் நடக்கும். அதனால் இரவில் சோபாவிலோ சாய்வுக் கதிரையிலோ இருந்து கொடுக்காதையுங்கோ, அங்கே பிள்ளை இடுக்கில் போய்விடும், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். கட்டிலில் இருந்து கொடுங்கோ, தலையணைகளைத் தள்ளி வையுங்கோ, முழித்த உடனே பிள்ளையைத் தன் கட்டிலில் விடுங்கோ. மாமியிடம் நீங்கள் வாதாட வேண்டாம். பிள்ளை வீட்டுக்கு வந்தவுடன் மிட்வைஃப் பார்க்க வருவார், ஏணைக் கதையை அவர் முன்னால் எடுத்துவிடுங்கோ, மருமகள் சொன்னால் எடுபடாதது அவர் சொன்னால் எடுபடும்.

கோண்டாவில்_தாய்

எல்லாருக்கும் கனக்க நன்றி. இப்போதுதான் தடவிப் பார்த்தேன், எங்கள் பலகை மேலே எழும்பித்தான் நிற்கிறது, ஆகவே பக்கத்தை ஏற்றித் தனியாகத்தான் வைக்கப் போகிறோம். மச்சாள் வாங்கியது 2017 என்கிறார், பக்கமும் முழுதாக இறங்குகிறது, அதோடு அந்த யோசனையும் முடிந்தது. எத்தனை மாதம் வரை இதில் விடலாம்?

வடமராட்சித்_தாதி

அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கோ, பலதில் 9 கிலோ என்று இருக்கும். ஆனால் நிறையை விட, பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். கை ஊன்றி எழும்பப் பார்த்தாலோ, பிடியில்லாமல் இருக்கத் தொடங்கினாலோ, அன்றைக்கே நிறுத்த வேண்டும். பெரும்பாலும் ஐந்து ஆறு மாதத்தில் வரும், முந்தியும் வரலாம். பிறகு உயரமான சட்டம் உள்ள கட்டிலுக்கு மாற்றி, அதையும் உங்கள் அறையிலேயே வையுங்கோ, குறைந்தது ஆறு மாதமாவது ஒரே அறை. துணியால் சுற்றுகிற பழக்கம் இருந்தால், பிள்ளை புரளத் தெண்டிக்கிற அன்றோடு அதையும் விட்டுவிடுங்கோ. பிள்ளை 37 கிழமைக்கு முந்தியோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், பெரிய கட்டிலில் உங்களோடு படுக்க வைப்பது ஒரு நேரமும் வேண்டாம், வார்ட்டை விட்டு வரும்போது டொக்டரிடமும் கேட்டு வாருங்கோ.