சி.ஆர்.பி. குப்பியும் மீன்காரரின் ஐஸும்

குளக்கட்டு, கிளிநொச்சி:

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள். எங்கள் ஆய்வுகூடம் மாதக்கணக்கில் காத்திருந்த தூய்மையாக்கிய மனித சி.ஆர்.பி. (உடலில் அழற்சி வந்தால் குருதியில் கூடும் புரதம்) அந்த வாரம் பார்த்துத்தான் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அரை மில்லிகிராம். குப்பியின் அடியில் தண்ணீர் போலக் கொஞ்சம் கிடந்தது. விலையை நான் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்தபடி இரவு பஸ்ஸில் வந்தேன். 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது என்று தாளில் எழுதியிருந்தது. விடிய நாலரைக்குக் கரடிப்போக்குச் சந்தியில் இறங்கினேன். ஆய்வுகூடம் திறக்க எட்டு மணியாகும். வீட்டிலோ மின்சாரம் இல்லை. பெட்டிக்குள் இருந்த ஐஸ் பொதிகள் தண்ணீராகிவிட்டன. அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆறு மணிக்கு வந்த மீன்காரரைப் படலையடியில் மறித்து, முல்லைத்தீவு மீனோடு வந்த ஐஸில் ஒரு சட்டி வாங்கி வந்தார். குப்பியை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, ஐஸ் நேரே படாதபடி துணியை இடையில் வைத்தோம்.

பிறகு நடந்ததுதான் கூத்து. சி.ஆர்.பி. பிடித்துக்கொள்ளும் பொஸ்போகோலின் என்ற பொருளைப் பூசிய குழித்தட்டில் புரதம் ஒட்டுகிறதா என்று பார்த்தேன். ஒட்டவில்லை. மூன்று முறை செய்தும் ஒட்டவில்லை. இரண்டு வாரம் மீன்காரரின் ஐஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் மேற்பார்வையாளர் ஒரே கேள்வி கேட்டார்: “எதிலே ஐதாக்கினீர்?”

பொஸ்பேற்று உப்புக் கரைசலில். கல்சியம் ஒரு சொட்டும் இல்லாமல்.

சி.ஆர்.பி.யின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. 1930இல் ரொக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெற், பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் குருதியில், நிமோகொக்கஸ் பற்றீரியாவின் ‘சி’ பல்சக்கரைட்டைப் பற்றும் ஒரு பொருளைக் கண்டார்கள். பெயரில் உள்ள ‘சி’ அதுதான். அந்தச் சக்கரைட்டில் இருக்கும் பொஸ்போகோலினைத்தான் புரதம் பிடிக்கிறது. பிடிப்பதற்குக் கல்சியம் வேண்டும். ஒரேமாதிரியான ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்த புரதம் இது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கல்சியம் அயன்கள். கல்சியம் போனால் பிடியும் போய்விடும்.

உடனே கெட்டித்தனம் காட்டி, அதே பொஸ்பேற்றுக் கரைசலில் கல்சியம் குளோரைட்டைத் தாராளமாக ஊற்றினேன். கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கிவிட்டது. கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்தால் வீழ்படிவு வரும் என்று உயர்தரத்தில் படித்ததை யார் நினைத்தார்கள்? பிறகு பொஸ்பேற்று இல்லாத திரிஸ் கரைசலுக்கு மாறி, 2 மில்லிமோலர் கல்சியம் சேர்த்தேன். முதல் தட்டிலேயே நிறம் ஏறியது, புரதம் ஒட்டிவிட்டது. மீன்காரரின் ஐஸ் குற்றமற்றது.

உங்கள் குப்பிகள் எப்படி ஏமாற்றின?

வவுனியாப் பெண்:

என்னை ஏமாற்றியது புரதமே அல்ல, கூட வந்த விருந்தாளி. குருதிக்கலங்களின் உட்சுவர்க் கலங்களை வளர்த்து, சி.ஆர்.பி. இட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கலங்கள் கொத்தாகச் செத்தன. பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளிக் குதித்தேன். குப்பித் தாளை மறுபடி வாசித்தபோது கடைசி வரியில் சோடியம் அசைட். பற்றீரியா வளராதிருக்கச் சேர்க்கும் நஞ்சு. புரதம் இல்லாமல் அசைட்டை மட்டும் அதே அளவில் இட்டேன், அவையும் செத்தன. 2000களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலரும் இதே பள்ளத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்: குருதிக்கலத்தைத் தளர்த்துவது சி.ஆர்.பி. என்று நினைத்தது, பார்த்தால் அசைட்டின் வேலை.

இப்போது கலங்களுக்கு இடும் முன், அசைட் வெளியேறட்டும் என்று புரதத்தை மென்சவ்வுப் பையில் ஊற்றிக் கல்சியம் கரைசலில் இரவு முழுவதும் மூழ்கவைக்கிறேன். வாங்கும்போதே பற்றீரியா நச்சு எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்கிறேன். கேட்டால் முகவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

மாங்குளம் ஆய்வுகூடத்தார்:

நான் ஆராய்ச்சிக்காரன் அல்லன், நோயாளிகளின் குருதியைப் பரிசோதிப்பவன். சி.ஆர்.பி. கூடியிருந்தால் தட்டில் திரளும் லேற்றெக்ஸ் சோதனைக்கு, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் நேர்க் கட்டுப்பாட்டுக் கரைசல் முடிந்த நாளில், தெரிந்த ஒருவர் தன் ஆராய்ச்சிக் குப்பியில் கொஞ்சம் தருவதாகச் சொன்னார். “ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்” என்று அதில் எழுதியிருந்தது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அறுவடைக் காலத்தில் எலிக்காய்ச்சல் சந்தேகத்தோடு ஒருவர் வந்தார். காய்ச்சல் கொதிக்கிறது, ஆனால் தட்டிலே பால் போல ஒரே சீர், திரளவேயில்லை. மனம் கேட்காமல் பத்து மடங்கு ஐதாக்கினேன். தயிர் திரிந்தது போல உடனே திரண்டது. சி.ஆர்.பி. அளவுமீறி இருந்தாலும் லேற்றெக்ஸ் சோதனை “இல்லை” என்று சொல்லிவிடும்.

குளக்கட்டு, கிளிநொச்சி:

வவுனியாச் சகோதரி சொன்ன பிறகு என் தாளையும் எடுத்துப் பார்த்தேன். அசைட் இருக்கிறது! தட்டு வேலைக்குப் பாதகமில்லை, தப்பினேன்.

இன்னொரு வரியும் இருந்தது: மனித நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து பிரித்தது, எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, சி இல்லை என்று சோதித்தது. ஆனாலும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். “அப்ப அந்த ஆளுக்குச் சுகமாகிவிட்டதா?” என்றார். தாளில் அது இல்லை. மீன் ஐஸ் இருந்த சட்டியை மட்டும் அன்றே வெளியே எறிந்துவிட்டார்.