பிம்ப மின்னூட்டம்: ஆற்றல் ஏன் இரு மடங்காக வருகிறது?

கேள்வி:
விடுமுறைக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட் வந்திருக்கிறேன். விடாத மழை, செம்பனை லோரி ஒன்றுகூட ஓடவில்லை. மாமா கடை முன் நடைபாதையான அஞ்சடியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். புவியோடு இணைத்த முடிவிலா உலோகத் தகடு, மேலே ஒரு புள்ளி மின்னூட்டம். தகட்டுக்குப் பதிலாக, மறுபக்கம் அதே தூரத்தில் எதிர்க்குறியுள்ள ஒரு கற்பனை மின்னூட்டத்தை, அதாவது பிம்பத்தை, வைத்தேன். தகட்டில் மின்னழுத்தம் சுழியம். விசை சரி. இரண்டு மின்னூட்டங்களுக்கான சூத்திரத்தில் போட்ட ஆற்றல் மட்டும் புத்தக விடையைப் போல் இரு மடங்கு. எங்கே தப்பு?

பதில் 1:
தம்பி, முடிவெட்டும் கடைக் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓரடி நெருங்கினால் பிம்பமும் ஓரடி வரும், அதை யாரும் தள்ளுவதில்லை. இங்கேயும் நிஜ மின்னூட்டத்தை நகர்த்தத்தான் வேலை செய்கிறோம். விசையை முடிவிலியிலிருந்து தொகையிடுங்கள், பாதிதான் வரும். தகட்டுக்கு அந்தப் பக்கம் மின்புலமே இல்லையே, அந்தப் பாதி ஆற்றலும் இல்லை!

பதில் 2:
எல்லை நிபந்தனை (இங்கே, தகட்டில் மின்னழுத்தம் சுழியம்) பொருந்தினால் தீர்வு ஒன்றே ஒன்றுதான். பிம்பத் தந்திரம் செல்லுவது அதனால்தான். தகட்டுக்குப் பதில் புவியோடு இணைத்த உலோகக் கோளம் வந்தால் உஷார். சம அளவுப் பிம்பம் போட்டு ஒரு தேர்வில் முழுப் பக்கம் பாழாக்கியவன் நான். கோளத்தின் ஆரத்தை, மையத்திலிருந்து மின்னூட்டம் இருக்கும் தூரத்தால் வகுத்து, அதை மின்னூட்டத்தோடு பெருக்கினால் பிம்பத்தின் அளவு வரும்.

கேட்டவர்:
பாதி வந்துவிட்டது அண்ணே. தே தாரிக் தேநீர்தான் ஆறிப்போச்சு.