ஆடி டிடி காருக்கு 19 இஞ்ச் புது அலாய் வீலா, 18 இஞ்ச் லேசான அலாய் வீலா? பெங்களூர் ரோட்டுக்கு எது சரி?

அல்சூர்_டிடி:

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் 2016 மாடல் ஆடி டிடி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். 2.0 பெட்ரோல், குவாட்ரோ (நாலு சக்கரமும் இழுக்கற வகை). எட்டு வருஷம் காசு சேர்த்து வாங்கின வண்டி, அதனால கொஞ்சம் நீளமாவே கேக்கறேன், பொறுத்துக்கோங்க. வார நாள்ல ஆபீசுக்கு மெட்ரோதான். இந்த வண்டி மாசம் ரெண்டு தடவை வேலூருக்கு அம்மாவைப் பார்க்கப் போகும், ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நந்தி மலைப் பக்கம் போகும்.

மூணு வாரம் முன்னாடி ராத்திரி நல்ல மழை. டின் ஃபேக்டரி தாண்டினதும் தண்ணி நின்ன குழி கண்ணுக்குத் தெரியல, 'டங்'னு ஒரு சத்தம். காலைல பார்த்தா முன்பக்கம் இடது டயர்ல பாதிக் காத்துதான் இருந்தது. பஞ்சர் கடைக்காரர் தொட்டித் தண்ணில முக்கிப் பார்த்தார். டயர்ல எங்கேயும் குமிழி வரல. அலாயோட உள்பக்கம், விளிம்புக்கு ரெண்டு விரல் கீழே, தலைமுடி மாதிரி ஒரு கோடு. குமிழி வரிசையா அதுல இருந்துதான் வந்துது. பின்பக்கம் இடது அலாயும் உள்விளிம்புல வளைஞ்சிருக்கு.

ஒரிஜினல் ரெண்டு வாங்கற விலைக்கு வெளில முழு செட்டே கிடைக்குது. இப்போ கைல ரெண்டு வாய்ப்பு:

அ) புதுசு. 19 இஞ்ச், 8.5 ஜே (ரிம் அகலம், இஞ்ச்ல), இடி (ஆஃப்செட்) 35, 5×112 (112 மி.மீ. வட்டத்துல அஞ்சு போல்ட்), நடு ஓட்டை 73.1 மி.மீ. சாதாரண வார்ப்பு அலாய். டிசைன் அவ்வளவு அழகு, ரெண்டு நாளா கண்ணுக்குள்ளயே நிக்குது. நாலும் சேர்த்து 92,000. டயர் தனியா வாங்கணும்.

ஆ) கோரமங்களால ஒருத்தர்கிட்ட இருக்கற பழைய செட். 18 இஞ்ச், 8.5 ஜே, இடி 45, 5×112, நடு ஓட்டை 66.6. ஃப்ளோ ஃபார்ம்டு (உருளையால அழுத்தி நீட்டின வகை). நாலும் 70,000. என்கிட்ட இருக்கற 245/40 ஆர்18 டயர் (அகலம் 245 மி.மீ., பக்கச் சுவர் அதுல 40 சதவீதம், ரிம் 18 இஞ்ச்) ஒன்பது மாசம்தான் ஓடியிருக்கு, அதையே மாட்டிக்கலாம்.

பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசுல வெறும் ரிம்மா வெச்சுப் பார்த்தேன். என் ஒரிஜினல் 11 கிலோ 800. 'ஆ' 9 கிலோ 100. 'அ' 13 கிலோன்னு கடைல சொன்னாங்க. எதை எடுக்கறது?

சர்ஜாபூர்_ஸ்பீடு:

டிடி-க்கு 19தான் ப்ரோ. 18 போட்டா வீல் ஆர்ச்ல (சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவு) இடைவெளி தெரியும். ஷோ கார் மாதிரி நிக்கணும்னா 'அ' எடுங்க.

பெல்லந்தூர்_கணக்கு:

வீல் ஆர்ச் விஷயத்தை முதல்ல முடிச்சுடுவோம். 245/40 ஆர்18 டயரோட மொத்த உயரம் 653 மி.மீ. 245/35 ஆர்19 போட்டா 654. ஒரே ஒரு மி.மீ. வித்தியாசம்! வண்டி உயரவும் உயராது, ஆர்ச் இடைவெளியும் மாறாது. மாறுறது டயரோட பக்கச் சுவர் மட்டும்தான். 98 மி.மீ. இருந்தது 86 ஆகுது. குழில விழறப்போ அலாய்க்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற மெத்தை அதுதான். ஏற்கெனவே 98 இருந்தே உங்க ரிம் கீறிடுச்சு, அதுல இன்னும் 12 மி.மீ. குறைக்கறதை நான் யோசிக்கவே மாட்டேன்.

அடுத்தது இடி, அதாவது ஆஃப்செட். அலாய் ஹப்போட (வீல் மாட்டற அச்சு முனை) ஒட்டற முகம், ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்குங்கறதுதான் அந்த எண். எண் குறையக் குறைய வீல் ஃபெண்டருக்கு (சக்கரத்தை மூடற பாடிப் பகுதி) வெளியே வரும். உங்க ஒரிஜினல் 18 இஞ்ச் அலாயோட பின்பக்கம் 9 ஜே, இடி 52ன்னு அச்சடிச்சிருக்கும், பாருங்க. 9 இஞ்ச் அகலம்னா பாதி 114 மி.மீ., அதுல 52 போனா வெளிவிளிம்பு ஹப்புல இருந்து 62 மி.மீ. தள்ளி இருக்கு. 'ஆ' 8.5 இஞ்ச், பாதி 108, அதுல 45 போனா 63. கம்பெனி வெச்ச இடத்துலயேதான் நிக்கும். 'அ'வுக்கு 108ல 35 போனா 73. கிட்டத்தட்ட 11 மி.மீ. வெளியே. பக்கத்துல ஒரு ஆளை உட்கார வெச்சு ஹம்ப் மேல திருப்பி ஏத்தினா ஃபெண்டர் விளிம்புல உரசுதான்னு பார்க்கணும். உரசலேன்னாலும் வீல் நடுக்கோடே 17 மி.மீ. வெளியே போயிடுது. வீல் பேரிங் மேல நெம்புகோல் மாதிரி அழுத்தம் ஏறும். ரோட்டுத் தடம் எங்கே இழுக்குதோ அங்கெல்லாம் ஸ்டீயரிங் தானா போகப் பார்க்கும். டிடி முன்சக்கரம் அவ்வளவு துல்லியமா திரும்பற வண்டி, அதைக் கெடுத்துக்க வேண்டாம்.

எடையில ஒரு வீலுக்கு கிட்டத்தட்ட 4 கிலோ வித்தியாசம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கற கனம் குறைஞ்சா சக்கரம் மேடுபள்ளத்தோட ஒட்டி ஓடும், அதிர்வு உள்ளே வர்றதும் குறையும். அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இது பெரிய விஷயம்.

குவாட்ரோ வண்டி, அதனால நாலு டயரும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானமா இருக்கணும். குழில விழுந்த ரெண்டு டயரையும் ரிம்ல இருந்து கழட்டி உள்பக்கம் கைய விட்டுத் தடவிப் பாருங்க. உப்பலோ, நூல் அறுந்த மாதிரியோ இருந்தா வேற டயர்தான்.

அல்சூர்_டிடி:

இந்தக் கணக்கை ஒரு கடைல கூட சொல்லல சார். ரொம்ப நன்றி. 'அ' விக்கறவர்கிட்ட நடு ஓட்டை பெருசா இருக்கேன்னு கேட்டேன். "காலி இடத்தை நிரப்பற ரிங் எல்லாம் வேண்டாம், போல்ட்டை நல்லா இறுக்கினா தானா நடுவுல உக்காந்துக்கும்"னு சொன்னார். உண்மையா?

வீல்_பட்டறை:

தம்பி, நான் இருவது வருஷமா இந்த ஊர்ல ரிம் நிமித்தற வேலைதான் பண்றேன். அந்தப் பேச்சைக் கேக்காதீங்க. உங்க ஹப் 57.1. அதுல 73.1 ஓட்டை போட்டா சுத்தி 8 மி.மீ. காலி. ஒவ்வொரு தடவை மாட்டறப்பவும் ஒரு நூல் தள்ளி உக்காரும். பேலன்ஸிங் மெஷின்ல சுத்தமா பூஜ்யம் காட்டும், ரோட்டுல 90 தாண்டினா ஸ்டீயரிங் நடுங்கும். அப்புறம் ஊர்ல இருக்கற எல்லா அலைன்மென்ட் கடைக்கும் அலைவீங்க. எந்த செட் எடுத்தாலும் ஹப் ரிங் கட்டாயம். 'ஆ'வுக்கு 66.6-57.1 ரிங். அலுமினியம் ரிங்கா இருந்தா ஹப்புல கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்க, இல்லேன்னா துருப்பிடிச்சு ஒட்டிக்கும்.

அதைவிட முக்கியம் போல்ட். உங்க ஒரிஜினல் போல்ட் தலைக்குக் கீழே பாருங்க, கோலிக்குண்டு மாதிரி உருண்டையா இருக்கும். வெளி அலாய்ல பாதிக்கு மேல கோன் சீட், அதாவது போல்ட் உக்கார்ற இடம் கூம்பு மாதிரி, 60 டிகிரி. உருண்டை போல்ட்டைக் கோன் ஓட்டைல போட்டா இறுகின மாதிரிதான் கைக்குத் தெரியும். ஆனா தொடறது ஒரு மெல்லிசு கோடு மட்டும்தான், ஓட ஓடத் தளரும். எங்க பட்டறைல சோதிக்கற வழி இது. போல்ட் உக்கார்ற இடத்துல மார்க்கர் பேனாவால மை பூசுங்க. போட்டு இறுக்கிக் கழட்டுங்க. மை அகலமா ஒரு வளையமா அழிஞ்சிருந்தா சரியான போல்ட். நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் அழிஞ்சிருந்தா அதை மாட்டவே கூடாது. நீளமும் பாருங்க: ஒரிஜினல் அலாய்ல போல்ட் கையால எத்தனை சுத்து ஏறுதோ, அதுக்குக் குறையக்கூடாது.

இறுக்கறது டார்க் ரென்ச்சாலதான் (இறுக்கற விசையை அளந்து காட்டற ஸ்பேனர்), 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசை (ஒண்ணு விட்டு ஒண்ணு). காத்து கன்னால கடைசி இறுக்கு வேண்டாம். 50லேர்ந்து 100 கிலோமீட்டருக்குள்ள திரும்பப் பாருங்க. டிக்கில ஸ்டெப்னி இருந்தா பழைய உருண்டை போல்ட் அஞ்சைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்டெப்னிக்கு அதுதான் உக்காரும், கோன் போல்ட் உக்காராது.

ஒயிட்ஃபீல்டு_மினி:

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன் தம்பி. ரெண்டு வருஷம் முன்னாடி என் மினிக்கு விலை குறைஞ்ச வார்ப்பு அலாய் போட்டேன், பார்க்க ரொம்ப நல்லா இருந்தது. அத்திப்பள்ளி பக்கம் ஒரு குழில விழுந்து ஸ்போக் அடியிலயே பொளந்துடுச்சு. பின் சீட்ல பையன் இருந்தான், இப்பவும் நினைச்சா கை நடுங்குது. நல்ல வேளை, மெதுவாதான் போனேன். இன்சூரன்ஸ்ல கேட்டா, பாலிசில ஏத்தாத அலாய்க்குப் பணம் கிடையாதுன்னுட்டாங்க. எதை மாட்டினாலும் பில்லோட எழுதிக் குடுத்து பாலிசில சேர்த்துடுங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ம் இருக்கு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு. வீல் ஃபெண்டரைத் தாண்டி நின்னா போலீஸ் கண்ணுல படறது அதுதான்.

அலாய் உள்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரை (ஜப்பான் தரச் சோதனை அடையாளம்) வார்ப்புலயே இருக்கான்னு பாருங்க, ஸ்டிக்கரை நம்பாதீங்க. எத்தனை கிலோ தாங்கும்ங்கற எண்ணும் பக்கத்துலயே இருக்கணும்.

பெல்லந்தூர்_கணக்கு:

அக்கா சொன்னது ரொம்பச் சரி. ஃப்ளோ ஃபார்ம்டு ஏன் தேவலைன்னா, வார்த்த அலாயைச் சூடாக்கிச் சுத்த வெச்சு, உருளையால அழுத்தி பீப்பாய்ப் பகுதியை நீட்டுவாங்க. உலோகம் அடர்த்தியா ஆகும். அதனால மெல்லிசா இருந்தும் பலம் நிக்கும். முகப்பும் ஸ்போக்கும் மட்டும் வார்ப்புதான். ஃபோர்ஜ்டு (வார்க்காம அழுத்தி அடிச்சுச் செய்யறது) இதையெல்லாம்விட உசத்தி, விலையும் அப்படி.

வீல்_பட்டறை:

'ஆ' பழசுங்கறதை மறந்துடாதீங்க தம்பி. டயர் இல்லாம வெறும் ரிம்மை பேலன்ஸிங் மெஷின்ல சுத்த விட்டு, உள்விளிம்பு, வெளிவிளிம்பு ரெண்டுக்கும் பக்கத்துல ஒரு பேனாவைப் பிடிச்சுப் பாருங்க. ஆட்டம் தெரியும். உள்பக்கம் புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தா சந்தேகப்படுங்க. நகத்தால தடவுங்க, வெல்டிங் மேடு நகத்துல தட்டும். வெல்டு போட்ட அலாய் எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம்.

அல்சூர்_டிடி:

நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தேன். விக்கறவர் நல்ல மனுஷர், கேட்டதும் நாலு ரிம்மையும் மெஷின் இருக்கற கடைக்கே கொண்டு வந்தார். மூணு ரிம் நூல் பிடிச்ச மாதிரி சுத்துச்சு. நாலாவதுல பேனா முனைக்கும் விளிம்புக்கும் இடைவெளி கூடிக் குறைஞ்சுட்டே இருந்தது. உள்ளே பெயின்ட் மத்த மூணைவிட கொஞ்சம் பளபளப்பு. நகத்தால தடவினேன். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மேடு! பெயின்ட்டைச் சுரண்டினா வெல்டிங். அவர் முகம் வாடிப்போச்சு. அவர் வாங்கினப்பவே அப்படித்தான் இருந்திருக்கணும், அவருக்கே தெரியல. "வேற யாருக்கும் இதை விக்க மாட்டேன்"னு சொல்லி அந்த ஒண்ணைத் தனியா எடுத்து வெச்சார். மூணை மட்டும் குறைச்சுத் தரேன்னார், வேண்டாம்னு வந்துட்டேன்.

இப்போ 'அ'காரர் 80,000க்கு இறங்கி வந்திருக்கார். மனசு கொஞ்சம் ஆடுது.

பெல்லந்தூர்_கணக்கு:

விலை இறங்கினா 11 மி.மீ. உள்ளே போயிடாதுங்க. 19 இஞ்ச் டயர் நாலு வேற வாங்கணும், அந்தக் காசையும் கூட்டிப் பாருங்க. 'ஆ' மாடலே புதுசு என்ன விலைன்னு விசாரிச்சீங்களா? உங்க பழைய டயர் மிச்சம்ங்கறதால வித்தியாசம் அதிகம் வராது.

அல்சூர்_டிடி:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். விசாரிச்சேன். அதே 18 இஞ்ச், அதே இடி 45, புதுசு நாலும் 1,28,000. 'அ'வோட புது டயர் விலையைச் சேர்த்தா அதைவிட இதுதான் குறைச்சல். வாங்கிட்டேன். குழில விழுந்த ரெண்டு டயரையும் உள்ளே தடவிப் பார்த்தாச்சு, சேதம் இல்ல.

மாட்டினது சனிக்கிழமை. முதல்ல ஒரிஜினல் போல்ட்லயே மை பூசிப் பார்த்தோம். தலைமுடி அளவுக்கு ஒரு கோடுதான் அழிஞ்சது. புது கோன் போல்ட்ல அரை விரல் அகலத்துக்கு வளையம். கண்ணால பார்த்ததும்தான் அதோட அர்த்தமே புரிஞ்சது. ரிங் ஹப்புல 'டக்'னு உக்கார்ற சத்தம் கேட்டுது. டார்க் ரென்ச் அந்தக் கடைல இல்ல, வேற கடைல இருந்து வரவழைச்சு 120ல வெச்சு இறுக்கச் சொன்னேன். அரை மணி நேரம் காத்திருந்தேன், பரவாயில்ல.

ஞாயித்துக்கிழமை வேலூர். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரைக்கும் 100ல ஸ்டீயரிங்ல துளி நடுக்கம் இல்ல. நடுவுல ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தி எல்லா போல்ட்டையும் பார்த்தேன். பின்பக்கம் வலதுல ரெண்டு போல்ட் கொஞ்சம் ஏறிச்சு, மத்ததெல்லாம் அப்படியே இருந்தது. திரும்பி வர்றப்போ அம்மாவும் கூட வந்தாங்க. வாணியம்பாடி தாண்டறதுக்குள்ள தூங்கிட்டாங்க, போன தடவை வழி முழுக்க இடுப்பைப் பிடிச்சுட்டே வந்தாங்க. பழைய உருண்டை போல்ட் அஞ்சையும் அவங்க சுருக்குப்பை ஒண்ணுல போட்டு ஸ்டெப்னியோட வெச்சாச்சு. பில்லை இன்சூரன்ஸுக்கும் அனுப்பிட்டேன்.

வீல்_பட்டறை:

சந்தோஷம் தம்பி. அந்த ரெண்டு போல்ட்டை 500 கிலோமீட்டர்ல இன்னொரு தடவை பாருங்க. திரும்பவும் ஏறிச்சுன்னா வண்டியை எடுத்துட்டு வாங்க, ரிங் சரியா உக்காந்திருக்கான்னு கழட்டிப் பார்த்துடலாம்.