சி மொழியில் தாயம்: 400க்கு 455 வந்த கதை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் ஒழுங்கைப் பெடியள் சிலர் கம்பஸில் முதல் வருடம், சி என்ற கணினி மொழி படிக்கிறார்கள், பின்னேரங்களில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போன கிழமை ஒரு தம்பி கொண்டுவந்தது மூன்று மாணவர், நாலு பாடம், 3×4 இருபரிமாண அணி, அதாவது புள்ளிகளைக் கட்டங்கட்டமாக வைக்கிற தாயம் (matrix). ஒவ்வொரு நிரையின் (குறுக்கு வரிசையின்) கூட்டுத்தொகையையும் அந்த நிரையின் கடைசியிலேயே வைக்க நினைத்து அ[0][4], அ[1][4] என்று எழுதியிருந்தார். சி 0 இலிருந்து எண்ணுவதால் 4 என்பது ஐந்தாவது இடம். எழுதியதைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றுகிற கொம்பைலர் வாயே திறக்கவில்லை. முதல் மாணவருக்கு 60, 70, 55, 65, கூட்டினால் 250, சரி. இரண்டாமவருக்கு 80, 75, 70, 60. வரவேண்டியது 285, திரையில் வந்தது 455. நாலு பாடத்துக்கு மொத்தமே 400 தான்!

தம்பி கூட்டுகிற லூப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிழை அங்கே இல்லை. கொப்பியில் நாங்கள் கட்டம் கீறினாலும் நினைவகத்தில் 12 எண்களும் ஒரே வரிசையில்தான் கிடக்கின்றன, முதல் நிரை முடிகிற இடத்திலேயே இரண்டாவது தொடங்கிவிடும். ஓர் உறுப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க, நிரை எண்ணை மொத்த நிரல்களால் (நெடுக்கு வரிசைகளால்) பெருக்கி நிரல் எண்ணைக் கூட்டவேண்டும். அ[0][4] என்றால் 0×4+4, அ[1][0] என்றால் 1×4+0, இரண்டுமே 4. அதனால் 250 போய் 80 இருந்த இடத்தில் குந்திவிட்டது. மூன்றாவது நிரையின் கூட்டுத்தொகையோ அணிக்கே வெளியே போய்விட்டது. எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்குச் சி எந்த உறுதியும் தருவதில்லை, வேறு கணினியில் வேறு விடை வரலாம், எனக்கு இதுதான் ஆகப் பயமான விசயம். 3×5 என்று அறிவித்ததும் சரிவந்தது. ஜிசிசி கொம்பைலர் பாவிக்கிறவர்கள் அன்டிஃபைன்ட் சனிடைசர் என்ற சோதனையை (-fsanitize=undefined) போட்டு ஒருதரம் ஓட்டிப் பாருங்கள், எந்த வரியில் எல்லை தாண்டியது என்று அதுவே காட்டும்.

---

அண்ணா, இதே கணக்குத்தான் அணியைப் பங்ஷனுக்கு (தனியாக எழுதிக் கூப்பிடுகிற கோட் துண்டுக்கு) அனுப்பும்போதும். நிரைகளின் எண்ணிக்கையை விட்டாலும் நிரல்களின் எண்ணிக்கையைக் கட்டாயம் கேட்பது அந்தப் பெருக்கலுக்காகத்தான். என்னோடு படித்த ஒருத்தி அணி என்று எழுதாமல் பொயின்டருக்குப் பொயின்டர் (இன்னொரு முகவரி இருக்கிற இடத்தின் முகவரி) என்று எழுதி, வந்த எச்சரிக்கையை காஸ்ட் (வகை மாற்று) போட்டு அடக்கிவிட்டாள், ஓட்டினால் உடனே செக்மென்டேஷன் ஃபோல்ட், அதாவது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் ஓட்டம் நின்றுவிட்டது. 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட், இன்ட் என்ற முழு எண்ணுக்கு 4, ஆகவே முதல் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஒரு முகவரி என்று எடுத்துக்கொண்டு அங்கே போகிறது, பாவம். சி மொழியின் 1999 தரத்தில் வந்த முறை இதற்கு நல்லது: நிரை, நிரல் எண்ணிக்கைகளை முதலில் கொடுத்து, அவற்றையே வைத்து அணியை அறிவிக்கலாம்.

---

கொக்குவிலில் இருந்து நான். தாயப் பெருக்கத்தில் இதன் விளைவை வேகத்திலும் காணலாம். பாடத்தில் சொல்கிறபடி எழுதினால் உள் லூப் இரண்டாவது தாயத்தின் நிரல்வழியே இறங்கும், ஒவ்வோர் அடிக்கும் ஒரு முழு நிரையைத் தாண்டும். இன்றைய பெரும்பாலான கணினிகளில் நினைவகத்திலிருந்து ஒருதரம் 64 பைட் வருகிறது, அதாவது எட்டு டபிள் (தசம எண்), அதில் ஒன்றை மட்டும் பாவித்துவிட்டு அடுத்ததுக்கு ஓடுகிறோம். உள்ளே இருக்கிற இரண்டு லூப்பையும் இடம் மாற்றினால் நிரைவழியே போகும், பெரிய தாயங்களில் வித்தியாசம் வடிவாகத் தெரியும். ஃபோர்ட்ரான் மொழி நிரல் நிரலாக அடுக்குவதால், அங்கிருந்து எடுத்த கோட் ஒன்றைச் சி மொழிக்குக் கொண்டுவரும்போது லூப்களின் ஒழுங்கையும் சேர்த்துப் பாருங்கள்.